புது கிளப்பா, பழைய வயலினா, பகுதிநேர வேலையா? பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் ஒரு முடிவு

அமெரிக்காவில் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சுதான். மார்க் இருக்கிறது, ஏபி என்ற கல்லூரித் தரப் பாடங்கள் எடுத்தாயிற்று, எஸ்ஏடி நுழைவுத் தேர்வுக்கும் படிக்கிறாள். "ஆனா காலேஜ் அப்ளிகேஷனுக்கு ஆக்டிவிட்டீஸ் பத்தாதே" என்று யாரோ சொல்லிவைக்க, அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போய்விடுகிறது. ஒரு கிளப் ஆரம்பிக்கலாம், ஓர் அறக்கட்டளை பதிவு செய்யலாம், பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் கோடை வகுப்புக்குப் பணம் கட்டலாம், பேராசிரியர் யாரையாவது பிடித்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம், ஒலிம்பியாடுக்குத் தயாராகலாம். எல்லாவற்றுக்கும் நேரம் கிடையாது. எதை எடுப்பது, எதை விடுவது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதில் ஒன்றை எடுத்து இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோவதுதான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்ல வழி. சம்பள வேலையையும் வீட்டுப் பொறுப்பையும் நாம் ரொம்பவே குறைத்து மதிப்பிடுகிறோம். கட்டணக் கோடை வகுப்பும் அவசரத்தில் பதிவு செய்த அறக்கட்டளையும் கடைசி இடத்துக்குத்தான் லாயக்கு. போட்டியும் ஆராய்ச்சியும் சில பிள்ளைகளுக்கு அருமையாகப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தவே பொருந்தாது.

விண்ணப்பம் படிக்கிறவர் கண்ணில் படுவது

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் படிவத்தில் செயல்பாடுகளுக்கு, அதாவது பாடத்துக்கு வெளியே செய்பவற்றுக்கு, பத்து இடங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் பதவிக்கு 50 எழுத்துகள், அமைப்பின் பெயருக்கு 100, என்ன செய்தீர்கள் என்பதற்கு 150. இடைவெளியும் காற்புள்ளியும் இதற்குள் அடக்கம். எந்தெந்த வகுப்பில் செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடத்துக்கு எத்தனை வாரம் என்று தனியாகக் கேட்பார்கள். விருதுகளுக்கு வேறு ஐந்து இடங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) கல்லூரிகளுக்குத் தனிப் படிவம். அதில் செயல்பாடு, விருது, வேலை எல்லாம் சேர்த்து 20 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 350 எழுத்துகள். எம்ஐடி நாலே நாலு செயல்பாடுகளைத்தான் கேட்கிறது. பத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று தவிப்பவர்கள் அந்த நாலை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

அந்த மணிக்கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. பத்துச் செயல்பாடு, ஒவ்வொன்றுக்கும் வாரம் எட்டு மணி, வருடம் நாற்பது வாரம் என்று எழுதிவிட்டால் வாரத்துக்கு எண்பது மணி நேரம் ஆகிவிடும். பள்ளிக்கூடம் போய், வீட்டுப்பாடம் செய்து, தூங்கவும் செய்கிற பிள்ளைக்கு அது முடியாத காரியம். விண்ணப்பம் படிக்கிறவருக்கு இந்தக் கூட்டல் சட்டென்று வரும். யூசி ஒவ்வோர் ஆண்டும் சில விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுத்து, எழுதியதற்கு ஆதாரம் அனுப்பச் சொல்கிறது.

அப்புறம், எல்லாக் கல்லூரிக்கும் இது ஒரே அளவில் முக்கியமில்லை. பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்ற அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியில் மதிப்பெண், கட்டுரை, செயல்பாடு, குணம், வேலை அனுபவம் ஒவ்வொன்றும் அந்தக் கல்லூரிக்கு மிக முக்கியமா, முக்கியமா, கவனிக்கப்படுமா, கவனிக்கப்படாதா என்று குறித்திருப்பார்கள். உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரிகளின் சி7-ஐ ஒரு மாலையில் பார்த்து முடித்துவிடலாம். சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் செயல்பாட்டுக்குக் கொடுக்கும் எடையைப் பார்த்தால், இந்தக் கவலையில் பாதி தேவையில்லை என்று தெரியும். பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குக் கணக்கே வேறு. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் எடுக்கப்போகும் பாடத்தில் எவ்வளவு ஆழம் என்றுதான் பார்க்கும். கூடைப்பந்து அணித் தலைவர் பதவி அங்கே அதிகம் எடுபடாது.

மூன்றிலிருந்து இரண்டு

ஹார்வர்டு மீது தொடரப்பட்ட வழக்கு 2018-இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்து, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்தது. சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைப் பற்றிய வழக்கு அது. ஆனால் அதன் வழியாக, விண்ணப்பங்களுக்கு உள்ளே எப்படி மதிப்பெண் போடுகிறார்கள் என்ற விவரமும் வெளியே வந்துவிட்டது. செயல்பாடுகளுக்கு 1 முதல் 6 வரை ஒரு எண். தேசிய அளவில் பேசப்படும் சாதனை என்றால் 1. பள்ளி மட்டத்தில் வலுவான பங்களிப்பு, அதாவது மாணவர் தலைவர், பள்ளிப் பத்திரிகை ஆசிரியர் போன்றவை 2. ஒழுங்காகப் பங்கேற்றிருக்கிறார், ஆனால் தனித்துத் தெரியும்படி ஒன்றுமில்லை என்றால் 3. ஏறக்குறைய எதிலும் இல்லை என்றால் 4.

5 என்பது 4-ஐவிட மோசம் என்று நினைத்துவிட வேண்டாம். குடும்பப் பொறுப்பு, படிக்கும்போதே பார்க்கும் வேலை என்று வழக்கமான பட்டியலுக்கு வெளியே கணிசமாக உழைத்தவர்களுக்கான குறியீடு அது. தனி நெருக்கடியால் எதிலும் ஈடுபட முடியாதவர்களுக்கு 6.

மற்ற கல்லூரிகள் இதே எண்களைப் பயன்படுத்துகின்றன என்று சொல்லவில்லை. ஆனால் முடிவெடுக்க இது நல்ல அளவுகோல். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நிற்கும் இடம் 3-தான்: நாலைந்து கிளப், கொஞ்சம் தன்னார்வப் பணி, ஒரு வாத்தியம். இன்னும் மூன்று கிளப் சேர்ந்தாலும் அந்த 3 அசையாது, ஏனென்றால் அதுவும் பங்கேற்புதான். ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்கும் கேள்வி, இது 3-ஐ 2 ஆக்குமா என்பதே. 1-ஐப் பற்றிப் பேச வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

இருப்பதை ஆழப்படுத்துவது

அகல உழுவதிலும் ஆழ உழு என்று நம் ஊரில் சொல்லிக் கேட்டதுதான். சிக்கல் என்னவென்றால், "ஆழம்" என்றதும் அதே வகுப்புக்கு இன்னும் அதிக நேரம் போவது என்று புரிந்துகொள்கிறோம். ஆறு வருடமாக வயலின் வகுப்புக்குப் போகிற பையன் ஏழாவது வருடமும் போனால் அது தொடர்ச்சி. நல்லதுதான், ஆனால் அவன் இன்னும் மாணவனாகவே இருக்கிறான். அதே பையன் பள்ளி ஆர்கெஸ்ட்ராவின் ஜூனியர்களுக்கு வாரம் ஒருநாள் கற்றுக்கொடுக்கிறான், அல்லது ராகங்களை ஆர்கெஸ்ட்ராவுக்கு ஏற்றபடி எழுதி அரங்கேற்றுகிறான் என்றால் நிலைமை மாறிவிடுகிறது. பெறுகிற இடத்திலிருந்து கொடுக்கிற இடத்துக்கு, அல்லது உருவாக்குகிற இடத்துக்கு நகர்ந்துவிட்டான்.

அரங்கேற்றம் இதற்கு நல்ல உதாரணம். எட்டுப் பத்து வருட உழைப்பு, இரண்டரை மணி நேரம் தனியாக மேடையில். உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் விண்ணப்பம் படிப்பவருக்கு அந்தச் சொல்லின் கனம் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. "பரதநாட்டியம், அரங்கேற்றம் முடித்தேன்" என்று எழுதினால் ஏதோ ஒரு சான்றிதழ் போலத்தான் படும். எத்தனை ஆண்டுப் பயிற்சி, எத்தனை உருப்படிகள், நேரலை இசைக்குழுவோடு எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லியாக வேண்டும். மண்டபம், சாப்பாடு, பட்டுப்புடவைச் செலவெல்லாம் பெற்றோருடையது என்பதும் இப்போது பல சேர்க்கை அலுவலகங்களுக்குத் தெரியும். அதனால் அரங்கேற்றத்துக்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்பதுதான் எடை கூட்டும். குருவின் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கிறாளா, தானே ஒரு பதம் அமைத்தாளா? நல்ல தரத்தில் ஆடுகிறாள் என்றால், பல கல்லூரிகள் ஸ்லைட்ரூம் என்ற தளம் வழியாகக் கலைப் படைப்புகளின் வீடியோவைத் தனியே ஏற்கின்றன. சில இடங்களில் அந்தத் துறை ஆசிரியர்களே அதைப் பார்ப்பதுண்டு.

இன்னொன்றைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். (விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், இங்கே தமிழில் தருகிறேன்.) முதலில் எழுதியது:

"குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிப்பதில் ஆர்வத்துடன் ஈடுபட்டு, பொறுமையையும் தலைமைப் பண்பையும் வளர்த்துக்கொண்டேன்."

திருத்தி எழுதியது:

"14 பிள்ளைகள், இரண்டாம் நிலை. எழுத்து அட்டை விளையாட்டுகள் 6 உருவாக்கினேன். மற்ற 3 வகுப்புகளும் இப்போது பயன்படுத்துகின்றன."

முதல் வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டாவதை எழுத வேண்டுமானால் அந்த ஆறு விளையாட்டுகளை முதலில் செய்திருக்க வேண்டும். ஆழப்படுத்துவது என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: கையிலிருக்கும் வேலையில் ஒரு குறையைப் பார்த்து, அதைச் சரிசெய்து, அது அடுத்தவருக்கும் பயன்படும்படி விட்டுவைப்பது. செலவு அனேகமாக இல்லை, நேரமும் கூடுதலாக வாரம் இரண்டு மூன்று மணிதான். கற்பித்த ஆசிரியரோ பொறுப்பாளரோ பரிந்துரைக் கடிதம் எழுதும்போது சொல்ல ஒரு விஷயமும் கிடைத்துவிடுகிறது.

வேலையும் வீட்டுப் பொறுப்பும்

நம்மவர்கள் கூச்சப்பட்டு மறைக்கும் பகுதி இது. "மளிகைக் கடையில் பில் போடுகிறான் என்று ஹார்வர்டுக்கு எழுதுவதா?" எழுதுங்கள். காமன் ஆப்பில் செயல்பாட்டு வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலேயே சம்பள வேலை என்று ஒன்றும், குடும்பப் பொறுப்பு என்று ஒன்றும் இருக்கின்றன. ஹார்வர்டின் கல்வியியல் பள்ளியிலிருந்து 2016-இல் வந்த ஓர் அறிக்கை, நீளமான சாதனைப் பட்டியலைவிடக் குடும்பத்துக்கும் சுற்றியிருப்பவர்களுக்கும் தொடர்ந்து செய்யும் பங்களிப்பைக் கல்லூரிகள் மதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பல கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் அதற்கு ஆதரவும் தெரிவித்தார்கள்.

வேலையின் பலம் எங்கே இருக்கிறது? அதை அம்மா ஏற்பாடு செய்து கொடுக்க முடியாது. குறித்த நேரத்துக்குப் போக வேண்டும், கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். ஒரு வருடம் வேலையில் நீடித்து, புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி தரும் நிலைக்கு வந்த பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பொறுப்புணர்வு இருக்கிறது என்று யாரும் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவைக் கவனிப்பது, அம்மா இரவு ஷிஃப்ட் போகும்போது தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது போன்றவையும் மணிக்கணக்கோடு எழுதத் தக்கவை. தன் துணியைத் தானே மடிப்பது அந்தக் கணக்கில் வராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு நடைமுறை விஷயங்கள். பதினாலு, பதினைந்து வயதுக்காரர்கள் பள்ளி நடக்கும் வாரத்தில் 18 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது மத்தியச் சட்டம். மாநில விதிகள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். இரண்டாவது, நம் வீடுகளுக்கு முக்கியமானது: எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. தெரிந்தவர் கடையாக இருந்தாலும், கையில் ரொக்கமாகக் கொடுத்தாலும் கூடாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்த வழி அடைபட்டதுதான். வீட்டுப் பொறுப்பும் உண்மையான தன்னார்வப் பணியும் திறந்தே இருக்கின்றன. தன் சூழ்நிலையை விண்ணப்பத்தின் கூடுதல் தகவல் பகுதியில் இரண்டு வரியில் எழுதிவிட்டால், ஏன் வேலை அனுபவம் இல்லை என்ற கேள்வியே எழாது.

போட்டிகள்

போட்டியின் நல்ல குணம், அது தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும். அமெரிக்கக் கணித ஒலிம்பியாடான யுஎஸ்ஏஎம்ஓ வரை போனேன் என்றால் 150 எழுத்துகூடத் தேவையில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்தபிறகு எதைத் தொடங்கலாம் என்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டிகளில் ஏணி ஏஎம்சி, ஏஐஎம்இ, யுஎஸ்ஏஎம்ஓ என்று ஏறுகிறது. ஏஎம்சி 10 பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் ஏஎம்சி 12-தான், 75 நிமிடத்தில் 25 கேள்விகள். ஏஐஎம்இயில் மூன்று மணி நேரத்துக்கு 15 கேள்விகள். சின்ன வயதிலிருந்து இதிலேயே ஊறிய பிள்ளைகளோடு பதினோராம் வகுப்பில் புதிதாகப் போட்டிபோட்டு யுஎஸ்ஏஎம்ஓ வரை போவேன் என்பது பெரும்பாலும் நடக்காத காரியம். ஏஐஎம்இக்குத் தகுதி பெறுவது முடியலாம்.

புரோகிராமிங் தெரிந்த பிள்ளைக்கு யுஎஸ்ஏசிஓ என்ற போட்டி இன்னும் வசதி. இலவசம், இணையத்திலேயே எழுதலாம், வெண்கலத்தில் தொடங்கி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிப்படியாக ஏறலாம். ஒரு சீசனில் இரண்டு படி ஏறியவர்கள் உண்டு. பிள்ளைக்கு இதில் உண்மையான பசி இருந்தால் மட்டும் எடுங்கள். ஞாயிறு காலை நச்சரித்து உட்காரவைக்க வேண்டியிருந்தால் வேண்டாம். அந்த நேரத்தில் மார்க்காவது கூடும்.

ஆராய்ச்சி

பள்ளி மாணவர்களின் ஆராய்ச்சிக்கான போட்டியான ரீஜெனெரான் அறிவியல் திறன் தேடல், 1942-இல் வெஸ்டிங்ஹவுஸ் பெயரில் ஆரம்பித்தது. இன்று 300 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் 40 பேரை இறுதிச் சுற்றுக்கு அழைக்கிறார்கள். முதல் பரிசு 2,50,000 டாலர். இந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் ஆராய்ச்சி ஆசை வருகிறது. ஆசைப்பட்டால் தவறில்லை. ஆனால் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி ஆய்வகத்தில் இடம் பிடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டமும் அறிமுகமும் சார்ந்தது. இதைத் தெரிந்தே ஒரு சந்தை முளைத்திருக்கிறது: பல ஆயிரம் டாலர் கட்டினால் வழிகாட்டியும் உண்டு, எங்காவது கட்டுரை வெளிவரவும் ஏற்பாடு உண்டு. 2023-இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் இதைப் பற்றி விரிவாகவே எழுதியது. பணம் கொடுத்து வந்த கட்டுரையை ஒதுக்கிவிட, விண்ணப்பம் படிப்பவர்கள் கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்றே நினைக்கிறேன். அந்தக் கட்டுரையைப் பற்றிப் பத்து நிமிடம் சொந்த வார்த்தையில் பேச முடியாத பிள்ளைக்கு அதனால் கெடுதல்தான்.

உள்ளூர்க் கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு சொந்தமாகச் செய்வது இதைவிட நல்லது. பக்கத்து ஓடையின் தண்ணீரை ஒரு வருடம் மாதம் தவறாமல் சோதித்து, எண்களைப் பதிந்து, ஊராட்சிக் கூட்டத்தில் போய்ச் சொன்னால் அது 3 இல்லை, 2. ஆனால் கருத்துக்கணிப்பு மாதிரி மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வை ஐசெஃப் என்ற சர்வதேசப் போட்டியைச் சார்ந்த அறிவியல் கண்காட்சிக்கு அனுப்புவதாக இருந்தால், தரவு திரட்டுவதற்கு முன்பே ஆய்வுநெறிக் குழுவின் பரிசீலனைக்குப் போக வேண்டும். முடித்துவிட்டு அனுமதி கேட்டால் தகுதி போய்விடும். நல்ல வேலை பல இப்படித்தான் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இரண்டு வகைக் கோடை

ஒருபக்கம், கடினமாகத் தேர்ந்தெடுத்து இலவசமாக நடத்துபவை. 1984-இல் தொடங்கி, இப்போது எம்ஐடியில் நடக்கும் ஆர்எஸ்ஐ என்ற ஆராய்ச்சித் திட்டம்: ஆறு வாரம், நூறு பேர் அளவில், தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து இலவசம். டெலுரைடு அமைப்பின் கருத்தரங்குகளும் இலவசம். ராஸ், பிராமிஸ் போன்ற கணித முகாம்கள் கட்டணம் வாங்கினாலும் உதவித்தொகை தருகின்றன. அவற்றின் நுழைவுக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதே ஒரு கல்வி. எச்-4 பிள்ளைகள் விதிகளை முதலில் படிக்க வேண்டும்: ஆர்எஸ்ஐ அமெரிக்காவிலிருந்து எடுக்கும் இடங்களும், ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் சைமன்ஸ் ஆராய்ச்சித் திட்டமும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு கேட்பவை.

இன்னொரு பக்கம், பெரிய பெயருள்ள வளாகத்தில் இரண்டு மூன்று வாரம், கட்டணம் பல ஆயிரம் டாலர், விண்ணப்பித்த பெரும்பாலோருக்கு இடம். இங்கே போவதால் சேர்க்கையில் சலுகை இல்லை என்று நடத்தும் கல்லூரிகள் பலவும் தாங்களே எழுதிவைத்திருக்கின்றன. பிள்ளைக்கு அனுபவம் கிடைக்கும், விடுதி வாழ்க்கை பழகும், அதற்காகப் போகலாம். விண்ணப்பத்துக்காக என்றால் அந்தப் பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.

சொந்த அமைப்பு

அறக்கட்டளைகளுக்கான 501(சி)(3) வரிவிலக்குக்குச் சுருக்கப் படிவத்தின் கட்டணம் 275 டாலர். இணையதளம் ஒன்றை ஒரு மாலையில் போட்டுவிடலாம். "நிறுவனர், தலைவர்" என்ற பட்டம் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதால்தான் அதன் மதிப்பும் இறங்கிவிட்டது. அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போன அடுத்த மாதம் அமைப்பு இருக்குமா? அவளுடைய நண்பர்களும் சித்தப்பாவும் தவிர வேறு யாராவது அதில் சேர்ந்தார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாக ஆரம்பியுங்கள், அது அசல். இல்லையென்றால், ஊரில் ஏற்கெனவே இயங்கும் உணவு வங்கியிலோ நூலகத்திலோ போய் அவர்களுக்கு ஒரு வேலையை உருப்படியாகச் செய்து கொடுப்பது பத்து மடங்கு மேல். பள்ளியில் புது கிளப் தொடங்குவதற்கும் இதே கணக்குதான்.

நாள் கணக்கு

விண்ணப்பிப்பது பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில். காமன் ஆப்பின் புதிய பருவம் ஆகஸ்ட் 1-இல் திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி. ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் இருப்பவரின் கையில் உண்மையில் இருப்பது பதினோராம் வகுப்பும் அதன் பின்வரும் கோடையும்தான். இலவசக் கோடைத் திட்டங்கள் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பிக்கும் காலம் அதற்கு முந்தைய டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் முடிந்துவிடும். மே மாதம் தேடினால் கட்டண வகுப்புகள்தான் மிச்சமிருக்கும்.

இதற்கு இடம் வேண்டுமானால் எதையாவது விட்டாக வேண்டும். பெயருக்குப் போகிற இரண்டு கிளப்பை இந்த செப்டம்பரிலேயே நிறுத்திவிடலாம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கட்டங்களில் மட்டும் டிக் விழுந்த ஒரு வரியால் யாரும் நிராகரிக்கப்படப் போவதில்லை. பத்தாவது இடத்தைக் காலியாகவே விடலாம்.